கொத்தனாரின் கட்டைவிரல்

நீல மூடி போட்ட வெள்ளை டப்பா அது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மூடியைத் திறந்தால் வாசனை எதுவும் வராது. சிங்கப்பூரின் மேற்குக் கோடியில், துவாஸ் கட்டுமான சைட்டில், எங்கள் கண்டெய்னர் ஆபீஸின் சின்ன ஜன்னல் வழியாக, ஒரு திங்கட்கிழமை காலை, அதைக் கொத்தனாரிடம் நீட்டினேன். அவர் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டி, கோயிலில் பிரசாதம் வாங்குவதுபோல வாங்கிக்கொண்டார். விரல் நுனிகளில் சுண்ணாம்பு காய்ந்ததுபோல வெள்ளை பூத்திருந்தது. மடிப்புகளில் கோடு கோடாக வெடிப்பு. ஒரு வெடிப்பில் மட்டும் உலர்ந்த ரத்தம். அதைப் பார்த்த பிறகும் கொடுத்தேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே வறண்ட தோல். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகள் என் முன்கையில் நகத்தால் பெயர் எழுதி விளையாடுவார்கள். வெள்ளைக் கோடாக எழுத்து அப்படியே நிற்கும். வெளியே எவ்வளவு புழுங்கினாலும் நாள் முழுக்க ஏர்கானில் உட்கார்ந்திருக்கும் வேலை, தோலை இன்னும் உலர்த்திவிடும். பாலிகிளினிக் டாக்டர் இரண்டு மருந்து எழுதிக் கொடுத்திருந்தார். கைக்கும் உடம்புக்கும் சாதாரணமான ஈரப்பசைக் களிம்பு ஒன்று. காய்ப்பேறித் தடித்துப்போகும் குதிகாலுக்கு மட்டும் கடுமையான இன்னொன்று. அதில் யூரியாவும், தடித்த தோலைக் கரைத்து உரிக்கிற அமிலமும் உண்டு. மருந்து கொடுக்கும் கவுண்டரில் இருந்த பெண்மணி பொறுமையாகச் சொன்னார். குளித்துத் துடைத்த ஈரம் காய்வதற்குள் மெல்லிசாகத் தடவுங்கள். வெடித்துப் புண்ணான இடத்தில் வைக்காதீர்கள். தடவிய பிறகு பிளாஸ்டிக்கால் மூடிக் கட்டாதீர்கள், மருந்து அளவுக்கு மீறி உள்ளே இறங்கிவிடும். லேசாகச் சுருக்கென்றால் பரவாயில்லை, எரிச்சல் அடங்கவில்லையென்றால் கழுவிவிட்டு நிறுத்திவிட்டு வந்து பாருங்கள். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். உங்கள் மருந்தை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள். நானும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு வந்தேன். அதனால், ஒன்றும் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. அம்மா போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. ஈசூனில் மூவறை வீடு, நான் ஒருத்தி. தம்பி குடும்பத்தோடு ஜூரோங்கில் இருந்தான், தீபாவளிக்குப் பார்த்துக்கொள்வோம். காலையில் ஈசூனில் எம்.ஆர்.டி. ஏறி, ஜூரோங் ஈஸ்ட்டில் மாறி, கடைசி நிலையத்தில் இறங்கி, கம்பெனி வேனில் சைட்டுக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டேன். சைட்டில் நான் கிளார்க். பெயருக்குத்தான் கிளார்க், தமிழும் ஆங்கிலமும் தெரிந்தது நான் ஒருத்திதான் என்பதால் மொழிபெயர்ப்பும் என் தலையில் விழுந்தது. மேனேஜர் திட்டுவதை நான்தான் தமிழில் சொல்வேன். கொஞ்சம் சர்க்கரை சேர்த்துச் சொல்வேன். ஊழியர்கள் முணுமுணுப்பதை ஆங்கிலத்தில் சொல்லும்போதும் அப்படியே. நான் சொல்வதை இரண்டு பக்கமும் நம்பினார்கள்.

கொத்தனாருக்கு மன்னார்குடிப் பக்கம். சைட்டில் சிமெண்ட் வேலை பார்த்த பலரும் இங்கே வந்து பழகியவர்கள்தான். இவர் ஊரிலேயே கரண்டி பிடித்தவர் என்பதால் எல்லோரும் கொத்தனார் என்றே கூப்பிட்டார்கள். பதினோரு வருடமாக இங்கே இருந்தார். அந்த மாதக் கடைசியில் அவருடைய வேலை பர்மிட்டைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. மகள் நர்சிங் படிப்பில் சேர்ந்திருந்தாள், இன்னும் இரண்டு வருடம் பாக்கி. அந்த இரண்டு வருடத்துக்காகத்தான் அவர் கையை எல்லோரிடமும் மறைத்தார். சிமெண்ட் ஈரத்தில் தோல் வறண்டு வெடிப்பது அவருக்குப் புதிதில்லை. ஆனால் இந்த முறை தேங்காயெண்ணெய்க்கும் அடங்கவில்லை.

“டாக்டர்கிட்டப் போனா சிமெண்ட்டத் தொடக்கூடாதுன்னு எழுதிப்புடுவாரு மேடம். எழுதிட்டாருன்னா என்னைய யாரு வச்சுக்குவா? உங்ககிட்ட ஏதோ களிம்பு இருக்குன்னு பயலுவ சொன்னானுங்க.”

என் கைப்பையில் இருந்தது குதிகால் களிம்பு. மறுநாள் வீட்டிலிருந்து சாதாரணக் களிம்பைக் கொண்டுவந்து கொடுத்திருக்கலாம். எனக்கோ உடனே கொடுத்துவிட வேண்டும் என்று ஓர் அவசரம். இவர் கைத் தோல் என் குதிகாலைவிடத் தடிப்பு, இதுதான் சரி என்று நானே டாக்டராகிவிட்டேன். டப்பாவில் கிளினிக் ஒட்டிய சீட்டு இருந்தது. அதில் என் பெயர். வேறு யாராவது பார்த்தால் கதை கட்டுவார்கள் என்று நகத்தால் சுரண்டிக் கிழித்தேன். எப்படித் தடவ வேண்டும், எங்கே தடவக் கூடாது என்று அச்சடித்திருந்ததும் அதே சீட்டில்தான். பெயரோடு அதுவும் போயிற்று.

“ராத்திரி குளிச்சுட்டுப் போடுங்கண்ணே. யூரியா கலந்தது, நல்லாக் கேக்கும்” என்றேன்.

“யூரியாவா?” அவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். “நாங்க வயலுக்குல்ல போடுவோம் மேடம். சரி, கையில ரெண்டு மூட்டை நெல்லு வெளஞ்சா உங்களுக்குத்தான்.”

வியாழக்கிழமை காலை வாசலில் இருந்த கைரேகை இயந்திரம் அவருக்குத் திறக்கவில்லை. கட்டைவிரலை வைத்தால் பச்சை விளக்கு எரிந்து கம்பி விலகும். இவருக்குச் சிவப்பு எரிந்தது. துடைத்து வைத்தார், ஊதி வைத்தார், மற்ற விரல்களை வைத்தார். பின்னால் வரிசை நின்றுவிட்டது. இயந்திரம் எடுக்காதவர்கள் என் ஜன்னலுக்கு வந்து பெயர் சொல்லி, ஒரு நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அவர் வந்தார். தமிழில் கையெழுத்துப் போட்டார். பேனாவை நிமிர்த்திப் பிடிக்க விரல் வரவில்லை.

“எப்படி இருக்குண்ணே?”

“எரியுதுங்க மேடம். நல்லா வேலை செய்யுது. பழைய தோலு கழண்டுட்டு வருது பாருங்க.”

எரிந்தால்தான் மருந்து என்பது நம் ஆட்கள் பலருக்கு உள்ள நம்பிக்கை. என் அம்மாவுக்கும் இருந்தது. எரியாத மருந்தைத் தண்ணீர் என்பார். அதனால் எனக்கும் அந்த வார்த்தை காதில் உறுத்தவில்லை. வெள்ளிக்கிழமை மறுபடி சிவப்பு, மறுபடி ஜன்னல். வரிசை போன பிறகு மூன்று நான்கு நிமிடம் நின்று பேசினார். விடுதியில் கட்டித் தந்த சாப்பாட்டில் சாம்பார் புளித்துப்போனதைச் சொன்னார். மகள் ஊசி போடப் பழகத் தலையணையைக் குத்திக் குத்தி வைத்திருப்பதைச் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “கண்ணாடி புதுசா மேடம்? நல்லாருக்கு” என்றார்.

கண்ணாடி மாற்றி மூன்று வாரம் ஆகியிருந்தது. ஆபீஸில் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் கவனிக்கவில்லை. தம்பியோடு வீடியோவில் பேசினேன், அவனும் கவனிக்கவில்லை. இதைக் காதல் கீதல் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த வயதில் எனக்கு அதெல்லாம் ஓடவில்லை. ஒரு மனிதர் என் முகத்தைப் பார்த்துப் பேசினார், அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காக நான் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

போகும்போது அவர் சாதாரணமாகச் சொன்னார்: “நான் அடுக்குக் கட்டில்ல மேல படுக்குறேன்ல, ஏணியெல்லாம் பிசுபிசுன்னு ஆகுதுன்னு கீழ உள்ளவன் சத்தம் போடுறான். அதான் கையில பிளாஸ்டிக் பை மாட்டி, ரப்பர் பேண்டு போட்டுக்கிட்டுப் படுத்துர்றேன். மருந்தும் வீணாவாதுல்ல.”

எனக்குச் சுருக்கென்றது. அன்று வீட்டுக்குப் போனதும் அலமாரியில் இருந்த அதே மருந்தின் இன்னொரு டப்பாவை எடுத்துச் சீட்டைப் படித்தேன். கவுண்டர்ப் பெண்மணி சொன்ன அத்தனையும் வரிசையாக இருந்தது. புண்ணில் வைக்காதே. மூடிக் கட்டாதே. எரிச்சல் தொடர்ந்தால் நிறுத்து. மூன்றையும் அவர் மீறிக்கொண்டிருந்தார், என் பேச்சைக் கேட்டு. கொத்தனாரின் நம்பர் என் போனில் இருந்தது. எல்லா ஊழியர்களின் நம்பரும் இருந்தது. கூப்பிட்டுக் கழுவச் சொல்ல ஒரு நிமிடம் போதும். கூப்பிடவில்லை. நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு சமைக்கப் போய்விட்டேன். சனிக்கிழமை அவர் ஜன்னலுக்கு வந்தபோதும் சொல்லவில்லை. நாக்கு நுனிவரை வந்தது. அவர் கடலில் பார்த்த ஏதோ பெரிய கப்பலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தேக்கா சந்தையில் கீரை வாங்கிக்கொண்டு சிராங்கூன் ரோட்டைக் கடக்க நின்றேன். நடைபாதை முழுக்க நம் ஆட்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் நடப்பதென்றால் தோளை ஒடுக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். எதிர்ப்பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில், வாசலை ஒட்டிய மேசையில், கொத்தனார் தனியாக உட்கார்ந்திருந்தார். இலையில் சோறு, ரசம். கையில் ஸ்பூன். சுற்றிலும் எல்லோரும் கையால் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருக்க, இவர் மட்டும் ஸ்பூனை விரல் நுனி படாமல் முஷ்டிக்குள் பிடித்து, சிந்திச் சிந்திச் சாப்பிட்டார். ரசத்தின் புளி பட்டால் விரல் என்ன பாடு படும் என்று எனக்குத் தெரியும். நடுவில் ஒருமுறை ஸ்பூனை வைத்துவிட்டு, கையைத் தூக்கி, அடுப்பை ஊதுவதுபோல விரல்களை ஊதிக்கொண்டார்.

சிக்னலில் பச்சை மனிதன் எரிந்தான், அணைந்தான். மறுபடி எரிந்தான். நான் கடக்கவில்லை. கடந்து போய், “அண்ணே, அதை நிறுத்துங்க, நான் தப்பாக் குடுத்துட்டேன்” என்று சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? அங்கே நின்றபடி நான் நினைத்தது என்னவென்று இப்போது ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். களிம்பை நிறுத்தினால் தோல் ஆறிவிடும். தோல் ஆறினால் ரேகை வந்துவிடும். ரேகை வந்தால் வாசல் திறந்துவிடும். அப்புறம் அவர் எதற்கு என் ஜன்னலுக்கு வரப்போகிறார்? இன்னும் இரண்டு மூன்று நாள் போகட்டும் என்று நினைத்தேன். கீரைக்கட்டைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தேன்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் வந்தார். இரண்டு நாளும் பேசினோம். இரண்டு நாளும் நான் சொல்லவில்லை.

புதன்கிழமை, கொத்தனார் பூசிக்கொண்டிருந்த சுவரில் ரத்தக்கறை இருப்பதைப் பாதுகாப்பு மேனேஜர் பார்த்துவிட்டார். கையுறையைக் கழற்றச் சொன்னார். உள்ளே உள்ளங்கையும் விரல்களும் வெந்ததுபோலச் சிவந்து, தோல் சுருள் சுருளாகத் தொங்கியது. உடனே வேனில் ஏற்றி ஜூரோங்கில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்கள். மொழிபெயர்க்க என்னையும் கூட்டிக்கொண்டார்கள்.

கொத்தனாரின் பையில் இருந்த டப்பாவை டாக்டர் வாங்கிப் பார்த்தார். கிழிந்த சீட்டின் ஓரம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. முகர்ந்தார், டப்பாவில் மருந்துக் கம்பெனி அச்சடித்ததைப் படித்தார். இது குதிகாலுக்கு, வெடித்த கைக்கு இதை யாராவது போடுவார்களா, அதுவும் மூடிக் கட்டி, என்று என்னைப் பார்த்துக் கேட்டார். கை ஆற ஆறு வாரமாவது ஆகும், அதுவரை சிமெண்ட் படக்கூடாது என்று எழுதினார்.

கூட வந்திருந்த பாதுகாப்பு மேனேஜர் கெட்டவர் இல்லை. அவர் என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னதை எழுத்துக்கு எழுத்து நினைவு வைத்திருக்கிறேன். “இதை எங்கே வாங்கினார் என்று கேளுங்கள். நம் சைட்டில் யாராவது கொடுத்ததென்றால் அது கம்பெனியின் பொறுப்பு. நான் ரிப்போர்ட் எழுதி, ஆறும்வரை அவரை ஸ்டோரில் உட்காரவைத்து, பர்மிட்டையும் புதுப்பிக்கச் சொல்வேன். அவராக எங்கோ வாங்கிப் போட்டு நம்மிடம் மறைத்திருந்தால், என்னால் ஒன்றும் செய்ய முடியாது.”

நான் கொத்தனார் பக்கம் திரும்பினேன். “இத எங்க வாங்குனீங்கன்னு கேக்குறாரு” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். மீதியைச் சொல்லவில்லை.

அவர் என்னையே பார்த்தார். பிறகு மேனேஜருக்குத் தமிழ் புரியாது என்று தெரிந்தும் குரலைத் தாழ்த்தி, “தேக்கால ஒரு கடையில வாங்குனேன்னு சொல்லுங்க மேடம். உங்க பேரு எதுக்கு நடுவுல? நான் கேட்டுத்தான குடுத்தீங்க” என்றார்.

“தேக்காவில் ஒரு கடையில் வாங்கினாராம்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது, குரல் நடுங்கவே இல்லை. மேனேஜர் பெருமூச்சு விட்டார். முன்னாலேயே வந்து சொல்லியிருக்கலாமே என்று கேட்கச் சொன்னார். அதை மட்டும் ஒழுங்காக மொழிபெயர்த்தேன்.

பர்மிட் புதுப்பிக்கும் பட்டியலில் இருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். அந்தப் பட்டியலை டைப் செய்வதும் என் வேலைதான். ஊருக்குக் கிளம்பும் நாளன்று பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்ள என் ஜன்னலுக்கு வந்தார். இரண்டு கைகளிலும் துணிக்கட்டு. நான் என்னென்னவோ சொல்ல நினைத்திருந்தேன். ஊருக்குப் போனதும் நல்ல தோல் டாக்டராகப் பாருங்கள் என்றேன். எந்தக் களிம்பையும் கேட்காமல் போடாதீர்கள் என்றேன். என் வாயிலிருந்து அது வந்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

“சரிங்க மேடம்” என்றார். “அன்னைக்கு நீங்க கூட வரலன்னா டாக்டரு சொன்னது, மேனேஜரு சொன்னது ஒண்ணும் எனக்கு வெளங்கியிருக்காது. ஒண்ணு விடாம எடுத்துச் சொன்னீங்க. ரொம்ப நன்றி.”

அதற்குப் பிறகு ஏழு வருடம் ஓடிவிட்டது. நான் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன், வேறு சைட். இப்போது யாராவது எதையாவது மொழிபெயர்க்கச் சொன்னால் தும்மலைக்கூட விடாமல் சொல்கிறேன் என்று ஆபீஸில் கிண்டல் செய்கிறார்கள். சிமெண்ட் வேலைக்காரர்களுக்குக் கையில் போட என்ன களிம்பு, எப்போது, எவ்வளவு, எப்போது நிறுத்துவது, எந்த நிலையில் டாக்டரிடம் போயே ஆக வேண்டும் என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதி வாசலில் ஒட்டியிருக்கிறேன். கையைக் காட்டினால் பர்மிட் போய்விடுமோ என்று பயப்படுகிறவர்களுக்காக மேனேஜரிடம் நானே பேசுகிறேன். நல்ல பெயர்தான் வாங்கியிருக்கிறேன். வாசலில் இப்போது விரல் வைக்க வேண்டாம், இயந்திரத்துக்கு முகத்தைக் காட்டினால் போதும், அது யாரையும் மறுப்பதில்லை. காலையில் எல்லோரும் ஜன்னலைத் தாண்டி நேராக உள்ளே போய்விடுகிறார்கள். நான் கணினியைத் திறக்கும்வரை யாரிடமும் பேசுவதில்லை.

போன பொங்கலன்று போன் வந்தது. புது நம்பர். கொத்தனார்.

“மேடம், கை சுத்தமா நல்லாயிருச்சு. அத அப்பவே சொல்லணும்னு இருந்தேன், நம்பரத் தொலச்சுட்டேன், இப்பத்தான் பழைய பயலுவகிட்ட வாங்குனேன். ரேகையெல்லாம் திரும்பி வந்துருச்சு மேடம். ரேஷன் கடையில பொங்க சாமான் வாங்கப் போனேன், மெஷின்ல கட்டவெரல வச்சதும் ஒரே தடவையில எடுத்துக்கிச்சு. உங்க நெனப்புதான் வந்துச்சு.”

மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். படிப்பை ஒரு வருடத்தோடு நிறுத்த வேண்டியதாகிவிட்டதாம். மன்னார்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் நின்றாளாம், இப்போது கல்யாணம் ஆகிவிட்டது, கைக்குழந்தை இருக்கிறது என்று சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, செய்தி சொல்வதுபோலத்தான் சொன்னார். ஊரில் இப்போது அவருக்கு மாதத்தில் பாதி நாள்தான் வேலை.

“உங்களுக்கு எப்படிப் போவுது மேடம்? காலையில ஜன்னல்ல வந்து உங்கள அறுக்குறதுக்கு வேற ஆளு கெடச்சிருக்குமே?”

“யாரும் வர்றதில்லண்ணே” என்றேன்.

அவர் சிரித்தார். அடுத்த பொங்கலுக்கும் கூப்பிடுகிறேன் என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். போன் கையில் இருந்தது, வீட்டில் வேறு யாரும் இல்லை, அவருக்கும் நேரம் இருந்தது. “சரிண்ணே, கூப்பிடுங்க” என்று வைத்துவிட்டேன். அடுத்த பொங்கல் வரைக்கும் ஒரு குரல் வரும் என்பதை விட்டுக்கொடுக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை. அன்று அந்த டாக்டர் அறையில் மேனேஜர் சொன்ன மீதியை, கொத்தனாருக்கு நான் இன்றுவரை மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.